புல் வெட்டும் வேலைக்கும் வடிகாலுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சூப்பர்வைசரின் கேள்விக்குப் பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். சிங்கப்பூரில் காலாங் வே பக்கம் ஒரு தொழிற்பேட்டை வளாகம். அதன் தோட்டப் பராமரிப்பையும் வெளிப்புறத் துப்புரவையும் ஒரே கம்பெனி எடுத்திருக்கிறது. அதன் சூப்பர்வைசர் கேட்கிறார்: "வடிகாலுக்குள் எந்த மாசும் போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். நாங்கள் ரசாயனத் தொழிற்சாலையா நடத்துகிறோம்? புல் வெட்டுகிறோம், உரம் போடுகிறோம், கார் நிறுத்துமிடத்தைக் கழுவுகிறோம். இதில் மாசு எங்கே வருகிறது? ஆட்களில் பாதிப் பேர் புதுசு. அவர்களிடம் என்ன சொல்வது?"

ஆட்களிடம் சொல்ல ஒரு வரி போதும்: டிரெயினுக்குள், அதாவது வடிகாலுக்குள், மழை மட்டும்தான் போகலாம். நம் கையோ கருவியோ பட்ட தண்ணீர் வேறு வழியில் போக வேண்டும். மற்றதெல்லாம் இந்த ஒரு வரியை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான்.

முதலில் புது ஆட்களைப் பற்றி. தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வந்த ஒருவர், ரோட்டோரம் சிமெண்ட் கால்வாயைப் பார்த்தால் சாக்கடை என்றுதான் நினைப்பார். ஊரில் பல இடங்களில் இரண்டும் ஒன்றாகத்தானே ஓடுகின்றன. அதனால் வாளியில் மிஞ்சியதை அதில் ஊற்றுவது அவருக்கு ஒழுங்கான காரியமாகவே தெரியும். சிங்கப்பூரில் இரண்டும் முழுக்கத் தனித்தனி. கழிப்பறை, சமையலறை, குளியலறைத் தண்ணீர் நிலத்தடிக் குழாயில் சாங்கி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. மழை நீர், இங்கே பழைய ஆட்கள் 'லாங்காங்' என்று சொல்கிற திறந்த வடிகாலில் ஓடி, கால்வாய் சேர்ந்து, பல இடங்களில் நேரே நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. குப்பையைப் பிடிக்கச் சில இடங்களில் தடுப்புகள் உண்டு. அவை பாட்டிலையும் கிளையையும் பிடிக்கும், உரத்தையும் சோப்பையும் பிடிக்காது.

நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீர்பிடிப்புப் பகுதி. மொத்தம் 17 நீர்த்தேக்கங்கள். உங்கள் இடத்துக்கு வருவோம். காலாங் ஆற்றோரம் விழும் மழை 2008இல் திறந்த மரினா அணைக்கட்டின் பின்னால் தேங்குகிறது. அந்த ஒரு நீர்த்தேக்கத்துக்கு மட்டும் சுமார் 10,000 ஹெக்டேர், அதாவது தீவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கிலிருந்து தண்ணீர் வருகிறது. அங் மோ கியோ, தோ பாயோ, பீஷான், பாய லேபார் எல்லாம் அதில் அடக்கம். உங்கள் ஆட்கள் மதியம் குடிக்கும் தண்ணீரின் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சட்டப் பிரிவுகளை வாசிப்பதைவிட, வளாகத்தின் வடிகால் வரைபடத்தை விரித்துவைத்து, கடைசி டிரெயின் எந்தக் கால்வாயில் சேருகிறது என்று விரலால் காட்டுங்கள். நான் பார்த்த வரையில் அதுதான் வேலை செய்கிறது. வரைபடம் கட்டட நிர்வாகத்திடம் இருக்கும். கேட்டு வாங்குங்கள். தர முடியாது என்றால் அந்த ஒப்பந்தப் பக்கத்தையே அவர்களிடம் காட்டுங்கள்.

சரி, "இதில் மாசு எங்கே" என்ற கேள்விக்கு வருவோம். தோட்டத்திலிருந்து வெளியே போகும் பொருள்களில் எது அதிகக் கெடுதல் என்று கேட்டால், பெரும்பாலும் பூச்சிமருந்து என்பார்கள். என் கணக்கில் முதல் இடம் மண்ணுக்கு. இரண்டாவது உரம், மூன்றாவது இலையும் புல்லும். மருந்தை எல்லோரும் பயந்து பயந்து பயன்படுத்துகிறார்கள். மண்ணையும் இலையையும் கண்டு யாரும் பயப்படுவதில்லை, அதுதான் பிரச்சினை.

மண்ணைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மூலையில் பழைய புல்லை உரித்துவிட்டு, புதுச் செடிக்காக 1,000 சதுர மீட்டர் நிலத்தைத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். சாயங்காலம் 50 மி.மீ. மழை பெய்கிறது. இங்கே அது அதிசயமில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். ஆக அந்த நிலத்தின்மேல் விழுவது 50,000 லிட்டர். மண்வேலை நடக்கும் தளத்திலிருந்து வடிகாலுக்குப் போகும் நீரில், கரையாமல் கலங்கி நிற்கும் திடப்பொருள் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. பெருக்கிப் பாருங்கள்: அத்தனை தண்ணீரும் ஓடினாலும் அதில் இரண்டரைக் கிலோ மண்ணுக்கு மட்டும்தான் அனுமதி. மூடாமல் கிடக்கும் நிலம் முதல் ஐந்து நிமிடத்திலேயே அதைத் தாண்டிவிடும். அப்புறம் டிரெயினில் ஓடுவது தே தாரிக் (பால் தேநீர்) மாதிரி இருக்கும்.

"ஒரு குழி வெட்டி மண்ணைப் படிய விடலாமே" என்பார்கள். மணல் என்றால் படியும். பத்தில் ஒரு மி.மீ. மணல் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். நூறில் ஒரு மி.மீ. வண்டல் துகளுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். களிமண் துகளுக்கு மூன்று நாளுக்கு மேல். இதெல்லாம் தண்ணீர் அசையாமல் நின்றால்தான். புக்கிட் தீமா கருங்கல் மக்கி உருவான செம்மண்ணில் களி நிறைய இருக்கிறது. அடுத்த மழை அடுத்த நாளே வந்துவிடுகிறது. பெரிய கட்டுமானத் தளங்கள் இதற்காகவே தொட்டி, மண்ணைப் படிய வைக்கும் ரசாயனம், வடிகட்டி எல்லாம் வைத்து நீரைத் தெளிய வைத்து வெளியே விடுகின்றன. தகுதிபெற்ற மண்ணரிப்புத் தடுப்பு நிபுணர் ஒருவர் திட்டம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். வெளியேறும் நீரைக் கேமரா கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு தோட்டப் பராமரிப்புக் கம்பெனி அந்த வழிக்குப் போகவே கூடாது. உங்களுக்குக் கட்டுபடியாகிற வழி ஒன்றுதான்: மண்ணைத் திறந்து போடாதீர்கள். ஒரே நாளில் நட்டு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் புல்லை உரியுங்கள். மீதியை அடுத்த நாள் உரிக்கலாம். இடையில் நிறுத்தினால் கேன்வாஸோ தென்னை நார் விரிப்போ போட்டு மூடுங்கள். சரிவில் புல் விதை தூவுவதைவிட புல் பத்தைகளை இடைவெளி இல்லாமல் பதிப்பது செலவு கூடுதல்தான், ஆனால் அன்றைக்கே மண் மூடிவிடும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: செடிப் பாத்தியின் மண் மட்டம். புது மண் கொட்டும்போது ஓரக்கல்லின் விளிம்புவரை, சில சமயம் அதற்கு மேலும் குவித்துவிடுகிறார்கள். பார்க்க மெத்தை மாதிரி அழகாக இருக்கும். முதல் மழையில் பாதி நடைபாதைக்கு வந்துவிடும். விளிம்பிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் கீழே நிறுத்தி, மேலே மரத்துகள் மூடாக்கு போட்டால் பாத்திக்குள்ளேயே தண்ணீர் நின்று இறங்கும். மண் லாரியில் வந்து இறங்கும்போது டிரெயின் மூடிமேல் கொட்டவிடாதீர்கள். டிரைவருக்கு அதுதான் வசதியான இடம், எப்போதும் அங்கேதான் கொட்டுவார்.

அடுத்தது உரம். 15-15-15 என்று எழுதிய 25 கிலோ மூட்டையை எடுத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் 15 பாஸ்பரஸ் ஆக்சைடின் சதவீதம். அதைப் பாஸ்பரஸாக மாற்றினால் மூட்டைக்குச் சுமார் 1.6 கிலோ. நன்னீர் ஏரிகளில் பாசி பெருகுவதை அநேகமாக இந்தப் பாஸ்பரஸ்தான் தீர்மானிக்கிறது. லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் அளவை எட்டினாலே ஏரி பச்சையாகத் தொடங்கிவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. மூட்டையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மழையில் ஓடியது என்று வைத்தாலும், அந்த 160 கிராம் சொச்சம் 50 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். இரண்டு ஒலிம்பிக் நீச்சல் குளம் அளவு. உரம் விஷமில்லை, செடிக்குச் சாப்பாடு என்று ஆட்கள் சொல்வது உண்மை. பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அதே சாப்பாடுதான்.

உரம் ஓடுவதற்குக் காரணம் அநேகமாக அளவு கூடிப்போவதில்லை. இடமும் நேரமும்தான். உரத் தூவி வண்டி புல்தரையின் ஓரத்தில் திரும்பும்போது கைப்பிடி அளவு குருணை நடைபாதையில் சிதறும். அது புல்லுக்கும் போகாது, மண்ணுக்கும் போகாது, அடுத்த மழையில் முழுசாக டிரெயினுக்குத்தான். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் திரும்பப் புல்லுக்குள் தள்ள ஐந்து நிமிடம். ஓரமாகப் போகும்போது ஒரு பக்கம் மூடி வைத்துத் தூவும் வசதி அந்த வண்டியிலேயே இருக்கும், பல கம்பெனிகளில் அது கழன்று ஸ்டோரில் கிடக்கும். டிரெயின் விளிம்பை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு உரமே வேண்டாம். அங்கே புல் கொஞ்சம் வெளிறி இருந்தால் இருக்கட்டும். கட்டட நிர்வாகத்திடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பின்னால் புகார் வராது.

நேரம் என்பது வானிலை. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை, விடியற்காலையில் மேற்கிலிருந்து வரும் சுமத்ரா காற்றுமழை, டிசம்பர்-ஜனவரியில் நாள்கணக்கில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. இவற்றுக்கு நடுவே உரமிட நேரம் பார்க்க வேண்டும். மெல்லிய தூறல் உரத்துக்கு நல்லது, உள்ளே இறக்கும். கனமழைதான் வாரிக்கொண்டு போகும். கைப்பேசியில் மழை ரேடார் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. டிசம்பர் மாத உரத்தை அட்டவணையில் இருக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள். அட்டவணையை மாற்றுங்கள். மெதுவாகக் கரையும் குருணை விலை அதிகம்தான், ஆனால் இந்த ஊர் மழைக்கு அதுதான் சரி. களைக்கொல்லிக்கும் பூச்சிமருந்துக்கும் இதே விதி, கூடவே காற்று. தெளிப்பானைக் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று கேட்பார்கள். மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக அலசி, அந்த நீரையும் தெளித்த இடத்திலேயே தெளித்து முடிக்க வேண்டும். அதற்குத் தோதாக மருந்தை முதலிலேயே கணக்காகக் கலந்தால் மிச்சமே இருக்காது.

இலை, புல் விஷயத்தில் குற்றவாளி புளோவர், அதாவது இலையை ஊதித் தள்ளும் எந்திரம்தான். நடைபாதை பளிச்சென்று ஆக வேண்டும், இருபது நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்றால், ஆள் காற்றை டிரெயின் பக்கம்தான் திருப்புவார். இது சோம்பேறித்தனம் இல்லை. நாம் எதை அளக்கிறோமோ அதைத்தான் அவர் செய்கிறார். நடைபாதை சுத்தமா என்று மட்டும் பார்த்துவிட்டு, எத்தனை பை இலை வெளியே போனது என்று கேட்காத சூப்பர்வைசரிடம் இலையெல்லாம் டிரெயினில்தான் இருக்கும். டிரெயினுக்குள் விழுந்த இலை அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும், ஊட்டச்சத்தைக் கசியவிடும். அதற்கு முன்னாலேயே வடிகால் வாயை அடைத்துத் தண்ணீரைத் தேக்கும். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு வந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வருவார், அது தனிக் கதை. காற்றை எப்போதும் டிரெயினுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, புல்தரையில் குவித்து அள்ளச் சொல்லுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் உதிரும் பொடி இலைக்குப் புளோவரைவிட உறிஞ்சும் எந்திரம் நல்லது. வெட்டிய புல்லை மெல்லியதாக அங்கேயே விட்டுவிட்டால் உரச் செலவும் குறையும். புல்வெட்டியின் நைலான் கயிறு தேய்ந்து தேய்ந்து துண்டு துண்டாகப் பறக்கும், கவனித்திருப்பீர்கள். அதுவும் பிளாஸ்டிக்தான். டிரெயின் ஓரத்தில் வெட்டும்போது வலைத் தடுப்பைக் கல்லடி படாமல் இருக்க மட்டும் வைப்பதாக நினைக்க வேண்டாம்.

இனி கழுவும் வேலை. இங்கேதான் உங்கள் ஒப்பந்தத்தில் பெரிய ஆபத்து இருக்கிறது. வாட்டர் ஜெட் எதையும் சுத்தம் செய்வதில்லை, இடம் மாற்றுகிறது. சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் பேயில் இருந்த எண்ணெய், தூசி, டயர் பொடி எல்லாம் ஐந்து மீட்டர் தள்ளி டிரெயினுக்குள் போய்விடுகிறது, அவ்வளவுதான். சோப்பு சேர்த்தால் இன்னும் மோசம். எண்ணெய் மேலே படலமாக நின்றிருந்தால் உறிஞ்சி எடுக்கலாம். சோப்பு அதைத் தண்ணீரோடு கலந்துவிட்டால் எடுக்கவே முடியாது. "இது மக்கும் சோப்பு, இயற்கைக்குப் பாதகமில்லை" என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி ஊற்றுகிறவர்கள் நிறைய. மக்கும் என்றால் பாக்டீரியா தின்னும் என்று பொருள், தின்னும்போது அதே பிராணவாயு போகும். மீனுக்கு அதற்குள் மூச்சு முட்டிவிடும்.

எனவே வரிசை இப்படி: முதலில் உலர்வாகப் பெருக்குங்கள். எண்ணெய்க் கறைமேல் உறிஞ்சும் துகளைத் தூவி, தேய்த்து, அள்ளுங்கள். அப்படியும் கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் கழுவிய நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் ஸ்க்ரப்பர் எந்திரத்தைப் பயன்படுத்தி, அந்த நீரைக் கழிவுநீர்க் குழாயோடு இணைந்த இடத்தில் கொட்டுங்கள். கூரை போட்ட குப்பைச் சேகரிப்பு அறையிலோ கழுவுமிடத்திலோ அந்த இணைப்பு இருக்கும். குப்பைத் தொட்டிகளையும் அங்கேயே கழுவ வேண்டும், வெளியே திறந்தவெளியில் கூடாது. நீச்சல் குள வடிகட்டியைக் கழுவும் குளோரின் நீரும் கழிவுநீர்க் குழாய்க்குத்தான்.

ஆனால் கழிவுநீர்க் குழாய் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதில் தள்ளவும் முடியாது. மணலும் இலையும் போனால் அடைக்கும். ரசாயனம் கலந்த தொழில் கழிவுநீருக்குப் தண்ணீர், வடிகால், கழிவுநீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் எழுத்துபூர்வ அனுமதியும் அளவுக் கட்டுப்பாடும் உண்டு. திறந்தவெளியில் மழை விழும் தரையைக் கழிவுநீர்க் குழாயோடு இணைப்பதும் கூடாது. மழைநேரத்தில் குழாய் நிரம்பி மேன்ஹோல் வழியாகப் பொங்கும். கூரைக்கு அடியில் கழுவு என்று சொல்வதன் காரணமே இதுதான்.

நடைபாதையில் சிமெண்ட் ஒட்டுவேலை செய்தால், கரண்டியும் தட்டும் கழுவிய நீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பால் மாதிரி வெளுத்த தண்ணீர், பார்க்கச் சாதுவாக இருக்கும். அதன் பிஎச், அதாவது அமில-கார அளவு, 12 வரை போகும். நீர்நிலைக்குள் விடலாம் என்று விதி அனுமதிப்பது 6 முதல் 9 வரை. ஒரு டிரம்மில் கழுவி, கட்டியாக விட்டு, கட்டுமானக் கழிவோடு அனுப்புங்கள்.

பெட்ரோல் நிரப்புவது தட்டு வைத்து, கூரைக்குள். டீசல் டிரம்மைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டியிருப்பார்கள், அதில் வடிகுழாய் வால்வு ஒன்று இருக்கும். மழைத்தண்ணீர் தேங்கியதும் யாராவது அதைத் திறந்துவிட்டு அப்படியே மறந்துவிடுவார்கள். திறந்த வால்வோடு நிற்கும் தடுப்புச் சுவர் வெறும் அலங்காரம். பூட்டு போட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுங்கள்.

எதையாவது கொட்டிவிட்டால்? கசிவை நிறுத்துவதும் டிரெயின் வாயை மூடுவதும் முதல் வேலை, ஆளுக்கு ஒன்றாகச் செய்யலாம். அதற்காகத்தான் டிரெயினை மூடும் ரப்பர் பாய், உறிஞ்சும் துணிச்சுருள், மண்மூட்டை எல்லாம் ஸ்டோரின் பின்பக்கம் இல்லாமல் வேலை நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். டிரெயினுக்குள் போய்விட்டது என்றால் மறைக்காமல் உடனே பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கோ சுற்றுப்புற வாரியத்துக்கோ சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளிவிட்டால் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. கால்வாய் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஓடினால் மேல்மாடிக்காரர் யாராவது படம் எடுத்துவிடுவார், அங்கிருந்து பின்னோக்கி வந்தால் உங்கள் கேட்டில் வந்து நிற்கும். மூடிய பாயை வேலை முடிந்ததும் எடுக்க மறக்காதீர்கள். அடைத்தபடியே மழை வந்தால் வெள்ளம் உங்கள் கணக்கில் சேரும்.

கடைசியாக, வளாக உரிமையாளரிடம் காசு இருந்தால் நீங்களே ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாம். 2006இல் தொடங்கிய ஏபிசி நீர்நிலைத் திட்டத்தில் (நீர்நிலைகளைத் துடிப்பாகவும் அழகாகவும் தூய்மையாகவும் ஆக்கும் திட்டம்) வந்த மழைத்தோட்டம் என்ற வகை: கார் நிறுத்துமிடத்து நீரை மணற்பாங்கான மண்ணும் செடியும் உள்ள தாழ்வான பாத்தியில் இறக்கி, வடிகட்டி, அடியிலுள்ள குழாய் வழியாக டிரெயினுக்கு விடுவது. இதே எண்ணத்தைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குப் போங்கள். 2.7 கிலோமீட்டர் சிமெண்ட் கால்வாயாக இருந்த காலாங் ஆறு, 2012இல் வளைந்து ஓடும் மூன்று கிலோமீட்டர் ஆறாக மாறியது அங்கேதான். உங்கள் வளாகத்துக்கு வீட்டுக் கூடம் அளவு பாத்தியே நிறைய வேலை செய்யும். மழை நின்று ஒரு நாளுக்குள் தண்ணீர் வடிந்துவிடும்படி அமைத்தால் கொசு பயமில்லை. பராமரிக்கும்போது மேலே படியும் வண்டலை வழித்தெடுங்கள், உள்ளே மிதித்து மண்ணை இறுக்காதீர்கள், பழக்கதோஷத்தில் அதற்கும் உரம் போட்டுவிடாதீர்கள். வருகிற அழுக்கிலேயே அந்தச் செடிகளுக்குத் தேவையானது இருக்கிறது.